சாவியை நீட்டிய கை

என் அக்காவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊசி என்றால் போதும். எங்கள் ஊர் சுகாதார நிலையத்தின் ஒரே நர்ஸ் அவள்தான். ஊரில் பாதிப் பேர் கைக்குழந்தையாக அவள் மடியில் கிடந்து கத்தியவர்கள். மீதிப் பேர் வளர்ந்த பிறகு அவள் வாயில் மாட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். மாத்திரையை டீயில் விழுங்கினால் திட்டு. கர்ப்பிணி தண்ணீர்க் குடம் தூக்கினால் அவள் புருஷனுக்குத் திட்டு. அந்தப் புருஷன் குடித்துவிட்டு வந்து எதிர்த்துப் பேசினால், சட்டைக் காலரைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி கர்ப்பிணியைத் திட்டுவாள்.

அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக். அவர் போனபோது அக்கா நர்சிங் படிப்பின் நடுவில் இருந்தாள், நான் பள்ளிக்கூடத்தில். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் போகிற போக்கில், படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள் என்று அறிவுரை சொன்னார்கள். "நிறுத்திடறேன் சித்தப்பா. மாசாமாசம் வீட்டுச் செலவுக்கு நீங்க தர்றீங்களா, இல்ல பெரியப்பா தர்றாரா?" என்று கேட்டாள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் படித்து முடித்தாள். என்னைப் படிக்க வைக்கவும் பார்த்தாள். நான் படிப்பை விட்டுவிட்டு ஒரு பழைய சரக்கு வேன் வாங்கிக் காய்கறி ஏற்றப் போனேன். அதற்காக இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. கல்யாணப் பேச்சும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேலையை விட வேண்டும் என்றார்கள். "தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் எந்த மாப்பிள்ளையும் தலைவைத்துப் படுக்கவில்லை.

சொந்த ஊருக்கே மாற்றல் கேட்டு வாங்கியதுதான் அவள் செய்த பெரிய முட்டாள்தனம். வெளியூர் நர்ஸ் என்றால் ஜனங்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும், கொஞ்சம் மரியாதை இருக்கும். சொந்த ஊர் நர்ஸ் என்றால் மருந்து தீர்ந்துபோனாலும் அவள் தின்றுவிட்டாள் என்பார்கள். டாக்டர் வராவிட்டால் அவள்தான் வரவிடவில்லை என்பார்கள்.

டாக்டர் என்று ஒருவர் இருந்தார். சம்பளம் எங்கள் ஊர்க் கணக்கில், வாசம் டவுனில், அங்கே சொந்தமாக ஒரு கிளினிக். அமைச்சரோ பெரிய அதிகாரியோ வந்தால் மட்டும் எங்களுக்கு அவர் முகம் தெரியும். அவருக்கென்று வந்து இறங்கிய சுழல் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்ததில்லை. அக்கா தினமும் காலையில் அந்த நாற்காலியைத் துடைப்பாள், துடைத்துக்கொண்டே திட்டுவாள். "உக்கார ஆளில்லாத உனக்கு என்னடி இவ்வளவு பளபளப்பு" என்பாள். வெளியே வாசலில், எல்லா நேரமும் மருத்துவ சேவை உண்டு என்று நீலப் பலகை தொங்கியது. பொய் சொல்வதற்குப் பெயிண்ட் எவ்வளவு தாங்குகிறது என்று எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எங்கள் ஊர்த் தையல்காரரின் ஒரே மகள். அப்பா கட்டிய வீட்டில் முன்கட்டில் அக்கா, பின்கட்டில் நாங்கள், இரண்டுக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரே குழாய். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் எப்படியோ ஒத்துப்போனார்கள். என் மனைவிக்கும் வாய் சாதாரணமானதில்லை. ஆனால் அண்ணி, அண்ணி என்று முன்கட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தையல் மிஷின்மேல் சாய்ந்த அந்த மத்தியானத்தோடு எல்லாம் போயிற்று.

தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குத்தான் ஓடினோம். அக்கா நாடியைப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், கையிலிருந்த மாத்திரையைக் கொடுத்தாள். டாக்டருக்கு மறுபடி மறுபடி போன் போட்டாள். எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். பாலத்தில் வேலை நடக்கிறது, ஆளை அக்கரைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

"ஒரு ஊசியாவது போடுங்க அண்ணி!" என்று என் மனைவி அலறினாள்.

"எந்த ஊசியைப் போடச் சொல்றே? இதுக்கு இங்க மருந்தும் கிடையாது, மிஷினும் கிடையாது. நின்னு பேசாதே. டேய், வண்டியை எடுடா!"

காய்கறிக் கூடைகளைத் தெருவில் தள்ளிவிட்டு வேனில் அவரைப் படுக்க வைத்தோம். பாலத்தை எட்டும் முன்பே அவர் போய்விட்டார். எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்து, பொத்தானைத் தானே மாட்டிவிட்டு அழகு பார்க்கிற மனிதர் அவர். முட்டைக்கோஸ் இலை ஒட்டிய பலகையில் கிடந்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது, அழுகை பிறகுதான் வருகிறது.

அன்றோடு என் மனைவியின் வாயில் அண்ணி என்ற சொல் நின்றுபோனது. 'உங்க அக்கா' ஆகிவிட்டாள். "ஊருக்கெல்லாம் குத்தத் தெரியுது, எங்கப்பாவுக்கு மட்டும் உங்க அக்கா கை வரல" என்றாள். அக்கா அதற்கு ஒரு விளக்கமும் சொல்லவில்லை. விளக்கம் சொல்வது அவள் பரம்பரையிலேயே கிடையாது. "அப்பாவைப் பறிகொடுத்தவ பேசுவா, பேசட்டும்" என்று விட்டிருந்தால்கூடச் சரியாகியிருக்கும். "உன் பொண்டாட்டிக்கு மூளை இருக்க வேண்டிய இடத்துல நூல்கண்டுதான் இருக்கு" என்று என்னிடம் சொன்னாள், அதுவும் முற்றத்தில் நின்று, பின்கட்டுக்குக் கேட்கும்படி. அதன் பிறகு குழாயடியில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. இவள் ஒரு குண்டானை நங்கென்று வைத்தால் அவள் ஒரு வாளியை ணங்கென்று வைப்பாள். நடுவில் பல் தேய்த்துக்கொண்டு நான் ஊமையாக நிற்பேன்.

காரியம் முடிந்த கையோடு என் மனைவி ஊர்ப் பெண்களைத் திரட்டினாள். டாக்டர் வரும்வரை சுகாதார நிலையத்துக்குப் பூட்டுப் போடும் போராட்டம். அது பாதி நாடகம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏனென்றால் அந்தக் கட்டடத்தின் பின்கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. வெட்கப்படுகிற பெண்கள், மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரை வாங்க வருகிற மருமகள்கள் எல்லாருக்கும் அதுதான் வாசல். முன்கதவில் பெரிய பூட்டாகத் தொங்கவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து கோஷம் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, யாராவது அதிகாரி வந்து ஆவன செய்கிறேன் என்றதும் திறந்துவிடுவது. இதுதான் திட்டம்.

அக்கா அப்போது உள்ளே இல்லை. காலையிலேயே செங்கல் சூளைப் பக்கம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாள். ஆனால் மிச்ச மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது, திரும்பக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்தாக வேண்டும். வந்து பார்த்தால் வாசலில் கூட்டம். "டாக்டர் வேண்டும்! ஊசி ஒழிக!" என்ற கோஷம். இரண்டாவது கோஷத்தை எடுத்துக்கொடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே போய், மருந்தை வைத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் இருந்த எங்களுக்கு அது தெரியாது.

டாக்டர் தானாகப் போன் செய்தது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். யாரோ அவருக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க இருக்கே?"

"உள்ளதான் இருக்கேன். முன்னாடி பூட்டுப் போட்டுட்டு ஊரே உக்காந்திருக்கு. தைரியம் இருந்தா வந்து பதில் சொல்லுங்க."

டாக்டர் வரவில்லை. போலீஸ் வேன் வந்தது. அரசாங்க ஊழியரை ஊர்க்காரர்கள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் புகார் சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் இறங்கியதுமே சத்தம் போட்டார். "நர்ஸை வெளியே விடுங்க!"

"உள்ள யாரும் இல்ல சார்," என்றாள் என் மனைவி. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஆளை அடைச்சு வெச்சிட்டு இல்லைன்னா சொல்றே? சாவி எங்க?"

கூட்டம் நெருக்கியது. என் மனைவி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, எல்லாருடைய தலைக்கும் மேலே தெரியும்படி கையை உயர்த்தி, "இந்தாங்க சார் சாவி, நீங்களே திறந்து பாருங்க," என்று நீட்டினாள். அந்தக் கைமேல்தான் முதல் தடி விழுந்தது. எலும்பு முறிகிற சத்தத்தை நான் கேட்டேன். பிறகு யாரை அடிக்கிறோம் என்று போலீஸ்காரர்கள் பார்க்கவில்லை. வயதானவர்கள் என்றும் பார்க்கவில்லை, வயிற்றுப் பிள்ளைக்காரி என்றும் பார்க்கவில்லை. டாக்டர் வேண்டும் என்று வந்தவர்களை மருத்துவமனை வாசலிலேயே போட்டு அடித்தார்கள். கட்டுப்போட மட்டும் அங்கே டாக்டர் இல்லை.

அக்கா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பின்கதவு வழியாக வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, போலீஸ்காரர்களை முழங்கையால் இடித்து விலக்கிக்கொண்டு என் மனைவியிடம் வந்தாள். கையில் மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்த அட்டையும் துணிச்சுருளும் இருந்தன.

"தொடாதே!" என்று கத்தினாள் என் மனைவி. "நீதானே போலீசைக் கூப்பிட்டே! என்னைத் தொடாதே!"

"கத்துறதை அப்புறம் கத்து. கையை ஆட்டாதே."

அட்டையை அணைகொடுத்துக் கட்டுப்போட்டு முடிக்கும்வரை இவள் அவளைச் சபித்துக்கொண்டே இருந்தாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து, "மேடம், நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்டார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க," என்றாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டு சரியாக விழவில்லை. கை கோணலாகக் கூடியது. அதோடு வழக்கும் வந்தது. அரசாங்க ஊழியரைச் சிறைவைத்தது, இரும்பு ஆயுதத்தால் போலீசைத் தாக்க முயன்றது. அந்த இரும்பு ஆயுதம் எங்கள் சாவிதான். வக்கீல் ஒளிக்காமல் சொன்னார்: "எல்லாம் அந்த நர்ஸ் கையிலதான் இருக்கு. 'ஆமா, என்னை அடைச்சு வெச்சாங்க'ன்னு அவங்க கையெழுத்துப் போட்டுட்டா, உங்க மனைவி உள்ள போறது உறுதி."

ஊருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஊசி ஒழிக என்று கத்தியவளை ஊசி சும்மா விடுவாளா? இன்ஸ்பெக்டர் தானே சுகாதார நிலையத்துக்கு வந்தார், உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேசினார், போனார். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் முன்கட்டுக்குப் போய்க் கெஞ்சினேன்.

"கையெழுத்துப் போட்டியாக்கா?"

"உன் பொண்டாட்டிக்கு வாயில்லையா? வந்து கேக்கச் சொல்லு."

பின்கட்டுக்கு வந்து சொன்னேன். "அவகிட்டப் போய்க் கேக்கறதைவிட நான் ஜெயிலுக்கே போறேன்," என்றாள் இவள். மறுபடி முன்கட்டுக்குப் போனேன். "அப்ப போகச் சொல்லு," என்றாள் அவள். இரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றி ஆற்றில் விட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவ்வளவு வெறுத்துப்போயிருந்தேன்.

எங்கள் தொகுதி உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். ஓட்டு வாங்கிய பிறகு எங்கள் ஊருக்கு வழி மறந்தவர், தடியடிச் செய்தி பத்திரிகையில் வந்ததும் வழி கண்டுபிடித்து வந்தார். சட்டசபையில் கேள்வி போட்டிருக்கிறேன் என்றார். கிராம சுகாதார நிலையத்துக்கு டாக்டர் ஏன் வரவில்லை, கேட்ட பெண்களை அடிக்கச் சொன்னது யார், இரண்டுக்கும் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டுமாம். கேள்வி சபைக்குப் போவதற்கு முன்பே எங்கள் ஊருக்குப் பெயிண்ட் வந்துவிட்டது. சுவர் வெள்ளையானது. டாக்டர் வந்து நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். உறுப்பினர் எனக்கும் என் மனைவிக்கும் சபையைப் பார்க்க அனுமதிச் சீட்டு கொடுத்தார்.

"கையைக் கொஞ்சம் வெளியே தெரியற மாதிரி வெச்சுக்கங்கம்மா. நான் பேசும்போது சுட்டிக் காட்டுவேன்."

"என் கை என்ன பொருட்காட்சியா?" என்றாள் என் மனைவி. ஆனாலும் கிளம்பினாள். அமைச்சர் வாயால் அவள் அடித்தாள் என்று வருமா, அடிபட்டாள் என்று வருமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. சபையில் சொன்னதைக் கோர்ட்டில் அப்படியே பிடித்துக்கொள்வார்கள் என்று வக்கீல் வேறு பயமுறுத்தியிருந்தார்.

பார்வையாளர் மாடத்தில் உட்காருவதற்கே ஆயிரம் சட்டம். போன் கூடாது, கை தட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. கால்மேல் கால் போட்டதற்கு ஒரு காவலர் என் முழங்காலைத் தட்டி இறக்கிவிட்டார். கீழே ஒரு உறுப்பினர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் தட்டவில்லை.

எங்களுக்கு எதிர்ப்பக்கத்து மாடம் அதிகாரிகளுக்கானது. அங்கே மாவட்ட சுகாதார அதிகாரி, புதுச் சட்டையில் டாக்டர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர். அவருக்கு அடுத்த நாற்காலியில், இஸ்திரி போட்ட சீருடையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் அக்கா.

முன்கட்டு பூட்டியிருந்ததைக் காலையில் பார்த்தபோதுகூட நான் இதை நினைக்கவில்லை. என் மனைவியும் அவளைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"பாத்தீங்களா," என்றாள் மெல்ல. "போட்டுட்டா. கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்காங்க பாருங்க, போட்டுட்டா."

கேள்வி எண்ணைச் சபாநாயகர் வாசித்தார். சுகாதார அமைச்சர் எழுந்து, பதில் அவையில் வைக்கப்பட்டுள்ளது என்று சொல்லி உட்காரப் பார்த்தார். எங்கள் உறுப்பினர் விடவில்லை.

"அந்த ஊரில் டாக்டர் இருக்கிறாரா, இல்லையா?"

"மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த நிலையத்தில் மருத்துவர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளது."

"பணியிடம் நிரம்பியிருப்பது எனக்கும் தெரியும். நாற்காலி நிரம்பியிருக்கிறதா?"

எதிர்க்கட்சி வரிசையில் சிரிப்பு. ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் எழுந்து, தம் தொகுதியில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று யாரும் கேட்காத நன்றியைச் சொன்னார். எங்கள் உறுப்பினர் குரலை உயர்த்தி, மாடத்தைக் கைகாட்டி, டாக்டர் வேண்டும் என்று கேட்டதற்காகக் கை முறிக்கப்பட்ட பெண் அதோ அமர்ந்திருக்கிறார் என்றார். எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. என் மனைவி கையை மடிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

காவல்துறையைப் பார்க்கிற அமைச்சர் எழுந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். மெதுவாகப் பேசினால் பொய்யும் பெரிய மனுஷத்தனமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"அங்கே தடியடி எதுவும் நடைபெறவில்லை. அரசு செவிலியர் ஒருவரை ஒரு கும்பல் உள்ளே வைத்துப் பூட்டியது. அவரை மீட்கவே காவல்துறை சென்றது. உறுப்பினர் குறிப்பிடும் பெண்மணி இரும்புப் பொருளை ஓங்கிக்கொண்டு வந்தார். பிறகு ஓடும்போது கால் தடுக்கிக் கீழே விழுந்தார். அதில்தான் கையில் காயம். இதற்கு அந்தச் செவிலியரே சாட்சி. காவல்துறை செய்த உதவிக்கு நன்றி தெரிவிக்க அவரும் இன்று இங்கே வந்து அமர்ந்திருக்கிறார்."

ஆளுங்கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். என் மனைவி அழவில்லை. எதிர் மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பார்வையை யாரும் யாரையும் பார்க்கக் கூடாது.

அக்கா எழுந்து நின்றாள்.

"யாரும் என்னை அடைக்கல! பின்கதவு திறந்துதான் இருந்துச்சு!" தடுப்பூசி நாளில் தெருக்கோடிவரை கேட்கிற குரல் அது, மைக் எதற்கு? "அவ விழவும் இல்ல! சாவியை நீட்டினா, நீட்டின கையை உடைச்சீங்க! இதோ உக்காந்திருக்கான் பாருங்க, இவன்தான் முதல்ல அடிச்சான்! நான் எதுலயும் கையெழுத்துப் போடல!"

இன்ஸ்பெக்டர் அவள் சீருடையைப் பிடித்து இழுத்தார். அவர் கையைத் தட்டிவிட்டாள். காவலர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் வாயைப் பொத்தினார், இரண்டு பேர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் படிகளில் இழுத்துப்போனார்கள். "டாக்டர் நாற்காலிக்கு நான் தூசி துடைச்சுக்கிட்டு..." என்பதுவரை கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

சபாநாயகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாடத்தில் எழுந்த குரல் எதுவும் அவைக்குறிப்பில் இடம்பெறாது. அடுத்த கேள்வி."

அடுத்த கேள்வி ஏதோ ஒரு ஏரியைப் பற்றியது. அதற்கும் மேஜையைத் தட்டினார்கள். என் மனைவி என் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க," என்றாள்.

வெளிவாசலில் நடைபாதையில் வெயிலில் காத்திருந்தோம். உறுப்பினர் காரில் ஏறும்போது எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். சபை கலைந்து வெகுநேரம் கழித்து, எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு அக்காவை வெளியே விட்டார்கள். இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். தோள் வீங்கியிருந்தது. கூட வந்த காவலர் என்னிடம், "படியில தடுக்கி விழுந்துட்டாங்க சார், பாத்துக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

என் மனைவி என் தோளில் கிடந்த துண்டை உருவினாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் வேணாம். நானே கட்டிக்குவேன்."

"கத்துறதை அப்புறம் கத்துங்க. கையை ஆட்டாதீங்க."

கோணல் கையால் துண்டை மடித்து, கழுத்தில் போட்டு, கையை அதில் இறக்கி முடிச்சுப் போட்டாள். "முடிச்சு போடற லட்சணத்தைப் பாரு," என்றாள் அக்கா. ஆனால் அவிழ்க்கவில்லை.

"கோர்ட்லயும் இதைச் சொல்வீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. இத்தனை மாதம் முற்றத்தைத் தாண்டிவராத கேள்வி அது.

"இதை முன்னாடியே கேக்கறதுக்கு என்ன?"

"நீங்க முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீ கேக்கல. நான் சொல்லல." அக்கா மூச்சு வாங்கினாள். "சொல்வேன். அந்த இன்ஸ்பெக்டர் ஒரு கையெழுத்துக்கு என்னென்னமோ ஆசை காட்டினான், நான் போடல. சும்மா வந்து உக்காருன்னாங்க, அமைச்சர் முன்னாடியாவது வாயை மூடிட்டு இருப்பேன்னு நெனைச்சுக் கூட்டிட்டு வந்தாங்க." பிறகு குரல் இறங்கியது. "உங்கப்பாவுக்குப் போட என்கிட்ட மருந்து இல்லடி. இருந்தா போட்டிருக்க மாட்டேனா?"

என் மனைவி துண்டின் முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதே அக்காவுக்குப் போன் வந்தது. சுகாதார அதிகாரி. தற்காலிகப் பணிநீக்கம், உத்தரவு பின்னால் வரும். கேட்டுவிட்டுப் போனைப் பையில் போட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை, நடுத்தெருவில் நின்று அந்த அதிகாரியின் வம்சத்தையே இழுத்துத் திட்டினேன். "உன் திட்டு நல்லாவே இல்லடா," என்றாள் அக்கா.

"அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரியை யார் திறப்பா?" என்று கேட்டாள் என் மனைவி.

"யாரும் திறக்க மாட்டாங்க. பூட்டுப் போட்டுடுவாங்க."

"அவங்க பூட்டுப் போட்டா அது போராட்டம் இல்ல போல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டாள். "பின்கதவு?"

"அதுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். நல்லவேளை, எவனும் போடல."

பஸ்ஸில் கூட்டம். அவர்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்திக்குக் கோணிய கை, இன்னொருத்திக்குத் துண்டில் தொங்குகிற கை. எதிர் இருக்கையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை அவளுக்கு.

"கையில என்னம்மா ஆச்சு?"

"விழுந்துட்டோம்," என்றாள் என் மனைவி.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்," என்றாள் அக்கா. "அரசாங்கமே சொல்லிடுச்சு."